வாசலுக்கு எழுதிய விதி

யாரும் வராமலே வாசல் கதவின் பூட்டு திறந்துகொண்டது.

கல்லறைத் திருநாள். தெருவே உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. தூரத்துக் கோயில் மணியின் ஓசையும் சாமந்தியின் ஈர வாசனையும் மட்டும் கடற்காற்றோடு கூடத்துக்குள் வர, சவரிராயன் கணினி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, மெல்ல விலகிய கதவையும் அதற்கப்பால் வெறிச்சோடிக் கிடந்த தெருவையும் பார்த்தார்.

காமிராவில் முகம் பார்த்துத் திறக்கும் கதவு அது. அதன் ஸ்கிரிப்டை எழுதியவன் மகன் ஆரோன். 'இஃப்' என்ற நிபந்தனைக்குள் இன்னோர் இஃப், அதற்குள்ளும் ஓர் இஃப். கணினி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு அந்தச் சிக்கல் பொறுக்கவில்லை. காலையில்தான் பிரித்துச் சுருக்கினார்: வீட்டார் முகமென்றால் திற, இல்லையென்றால் பூட்டு.

நடுவில் ஒரு நிபந்தனை இருந்தது. வந்தவன் ஆரோன் என்றால் திறக்காதே. சொல்லாமல் கொள்ளாமல் சிவசங்கரியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த அன்று, அப்பா சொல்லச்சொல்ல அவனே எழுதிவிட்டுப் போன வரி. பிறகு தட்டாஞ்சாவடியில் லாரி மோதி இறந்தான். குடும்பக் கல்லறையில் அவனுக்கு இடமில்லை என்று சொன்னவரும் அவர்தான். இனி ஒருபோதும் உண்மையாகாத நிபந்தனை எதற்கு? அழித்துவிட்டார்.

போன் ஒலித்தது. மகள் பெனிஷா.

"அப்பா, ஆரோன் குழி மேல மண்ணு உள்வாங்கிக் கெடக்கு. மழையாலன்றாங்க. நீங்க வரமாட்டீங்க?"

"நான் எதுக்கு?"

"ஆமா, நீங்க பெரிய மிசியே, பிரெஞ்சு தொரை, வந்தா மானம் கப்பலேறிடும். கம்ப்யூட்டரோடவே குடும்பம் நடத்துங்க."

"கதவு தானா தெறக்குதும்மா."

"அதுலயும் கைய வச்சிட்டீங்களா? அவன் எழுதுனதக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா?"

வைத்துவிட்டாள்.

கூடத்தில் ஈர மண் வாடை ஏறியது. தோண்டிய மண். அழித்த வரியைத் திரும்ப எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

டக். பூட்டு விழுந்தது.

மூச்சு விட்டார்.

பின்னால், சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

வாசலில் நிற்பது யார் என்றுதான் அந்த வரி கேட்கும். உள்ளே இருப்பது யார் என்று கேட்காது.

அந்த வீட்டில் அப்பா ஜெபம் சொல்லாமல் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை.

திரும்பினார்.

குனிந்த தலை. நகங்களில் களிமண். குவித்த கைகள். அவர் தொடங்குவதற்காகக் காத்திருந்தன.