கசற் பெட்டிக்குள் ஒரு நூல்

கிண்ணியாவிலிருந்து வந்த ஸஹ்ரா ஒரு பழைய கசற்றை மேசையில் வைத்தாள். கூட வந்த முனாஸ் மாமா வாசலோடு நின்றுவிட்டார்.

"உம்மாட அலுமாரிக்குள்ள கிடந்தது. உம்மா மௌத்தாகி நாற்பது நாள். வாப்பா கட்டார்ல இருந்து கடைசியா அனுப்பின கசற் இது. அதுக்குப் பிறகு எங்கள விட்டுட்டு அங்கேயே வேற குடும்பம். போன வருசம் அவரும் மௌத்து. ஏன் விட்டார் எண்டு அவர்ட வாயால கேக்கணும்."

துறைமுக வீதியில் ஒலிநாடா திருத்தும் கோணேஸ்வரன் கசற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லோஜனா, என்ன தெரியுது?"

உதவிக்கு இருந்த லோஜனா கொப்பியில் எழுதினாள்: நாடாவில் பூஞ்சணம். கசற்றின் முதுகு மூலையிலிருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் துண்டு உடைக்கப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள், இரு முனையிலும் முடிச்சிட்ட ஒரு சாண் நூல். நூலெல்லாம் ஒரு தடயமா என்று யோசித்தாள், ஆனாலும் அந்த வரியை வெட்டவில்லை.

பூஞ்சணம் துடைத்து முடிக்க மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் பின்னேரம் ஸஹ்ரா திரும்பி வந்தாள்; முனாஸ் மறுபடியும் வாசலோடு நின்றார். நாடா ஓடியதும் ஒரு சிறுமி கத்தினாள்: "வாப்பா, உம்மா வராட்டியும் நான் வாறன்! சிவப்புச் சப்பாத்து வாங்கி வையுங்க!" பிறகு ஒரு பெண்: "போதும், வா." டக்கென்று ஒரு சத்தம். கோணேஸ்வரன் நிறுத்தினார்.

"இது நான்," என்றாள் ஸஹ்ரா. "மற்றது உம்மா."

"அந்தக் காலத்தில எல்லாரும் வந்த கசற்றிலயே பதிலப் பேசித் திருப்பி அனுப்புவினம்," என்றார் கோணேஸ்வரன். " இது உங்கட பதில். போகேல்ல."

லோஜனா வாசலைப் பார்த்தாள். "தபாலுக்குக் கொண்டுபோறது ஆர்?"

"நான்தான். இது என்ட கைக்கு வரேல்ல," என்றார் முனாஸ்.

"பொய்! வாப்பாவக் கண்டா உங்களுக்கு ஆகாது எண்டு ஊருக்கே தெரியும்!"

"பொறுங்கோ தங்கச்சி. லோஜனா, மூலைத் துண்ட ஏன் உடைக்கிறது?"

"மேல ஒண்டும் பதியாம இருக்க."

"ஓம். போய்வாற கசற்றில அந்தத் துண்ட உடைச்சா அங்கால உள்ளவர் பதில் பேச ஏலாது. கசற்ற ஒளிக்க நினைக்கிறவனுக்கும் அது தேவையில்ல, எறிஞ்சாப் போதும். உடைச்சவ மகளிட குரல வச்சிருக்க நினைச்சவ. மகள அனுப்ப நினைக்கேல்ல."

ஸஹ்ரா மெல்ல உட்கார்ந்தாள். கோணேஸ்வரன் மீதியை ஓடவிட்டார். பதில் மேலே பதியாத இடத்தில், வாப்பா முதலில் பேசி அனுப்பியதன் வால் மிஞ்சியிருந்தது. ஓர் ஆண் குரல்:

"...பதில் வராட்டி, நான் வேணாமெண்டு நினைச்சிக்குவன். பிள்ளைட கால் அளவ அனுப்புங்க."

"நூலால அளந்தது நான்தான், மகள்," என்றார் முனாஸ் வாசலில் நின்றபடியே. "வேற ஆளிட கையில அனுப்பிட்டன் எண்டுதான் உங்க உம்மா சொன்னா."

ஸஹ்ரா கோணேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"இத அழிச்சிருங்க, அண்ணன்."

"உங்கட உம்மாட குரலும் இதிலதான் இருக்கு."

"அதத்தான்."