இருபதாம் பாகம், நாற்பத்தெட்டாவது நிமிடம்

வெற்றி டிவிடி பிளேயரையும் இரண்டு டிஸ்க்குகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, பாபடோயிட்டோ புறநகரில் இருந்த ஜோசபின் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜோசபின் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை விசாரித்தவர். அவருடைய தம்பி வீரையா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வயர்களை டிவியில் மாட்டினார்.

வெற்றியின் மனைவி சிந்து இறந்து நான்கு மாதம். மூளையில் கட்டி; கடைசியில் பாத்ரூமில் விழுந்தாள். இருவரும் ஒரு சாமுராய் படவரிசையை முதல் பாகத்திலிருந்து பார்த்து வந்தார்கள். ஜப்பானியக் குரல், ஆங்கில சப்டைட்டில். டப்பிங்கைத் தொடுவதில்லை என்பது வீட்டுச் சட்டம். பத்தொன்பதாம் பாகம்தான் சேர்ந்து பார்த்த கடைசிப் படம்.

"இருபதைப் பிரிக்காம வெச்சிருந்தோம். நேத்து எடுத்தா, கவர் கிழிஞ்சிருக்கு. போட்டா இங்கிலீஷ் டப்பிங்ல, நாற்பத்தெட்டாவது நிமிஷத்துல, யாரோ நிறுத்தின இடத்துலேர்ந்து ஓடுது. நான் வேலைக்குப் போயிட்டா பகல்ல வீட்டுல இருந்தது சிந்துவும் அவ தங்கச்சி பிரணவியும்தான். சிந்து பாத்ரூம்ல விழுந்தப்ப இவ படம் பார்த்துட்டு இருந்திருக்கா. கூடவே இருந்தேன்னு சொன்னா. வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். பொய்யின்னு தெரிஞ்சா போதும்."

ஜோசபின் பையிலிருந்த பிளேயர் ரிமோட்டை எடுத்துத் தடவினார். மொழி மாற்றும் பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு, மேடாகக் காய்ந்திருந்தது.

"யாரோடது?"

"பிரணவியோடது."

"கேஸ் முடிஞ்சிடுச்சிலா அக்கா!" என்றார் வீரையா.

"பொறு வீரா. தம்பி, பத்தொன்பதைப் பார்த்தப்ப சிந்து ஏதும் சொன்னாளா?"

"சரியான இடத்துலல்லாம் சிரிச்சா. கடைசில அவன் பனியில நடந்து போறப்ப, 'வீட்டுக்குப் போறான்'னா. ஏன் சொன்னான்னு தெரியல. அங்க யாரும் பேச மாட்டாங்க."

ஜோசபின் பத்தொன்பதின் கடைசிக் காட்சியைப் போட்டார். பனி. முதுகு. சத்தமே இல்லை. சிவப்புப் பொட்டை அழுத்தி மறுபடி ஓட்டினார். அதே பனி, அதே முதுகு. இந்த முறை ஓர் ஆங்கிலக் குரல், வீட்டுக்குப் போகிறேன் என்றது.



"டப்பிங்ல மட்டும்தான் அந்த வரி இருக்கு" என்றார் ஜோசபின். "உங்களோட பார்க்கறதுக்கு முன்னாடியே சிந்து அதைக் கேட்டிருக்கா. கண்ணு தெரியற பிரணவிக்கு பட்டன்ல தடவிப் பார்க்க அடையாளம் எதுக்கு? சப்டைட்டில் படிக்க முடியாதவளுக்குத்தான் டப்பிங் வேணும். எங்க சிரிக்கணும்னு மனப்பாடம் பண்ணிட்டு உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கா. படம் ஓடறப்ப அவ முகத்தைப் பார்த்தீங்களா?"

"திரையைப் பார்த்துட்டிருந்தேன்."

ஜோசபின் பிரணவிக்குப் போன் செய்து, கண்டுபிடித்ததைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்காவுக்குக் கடைசி மூணு வாரம் கண்ணே தெரியல மாமா. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க வேலையை விட்டுடுவீங்க, அதோட விசாவும் போயிடும்னா. சத்தியம் வாங்கிட்டா. அன்னிக்கு இருபதைக் கேட்டுட்டிருந்தோம், சனிக்கிழமை உங்களோட பார்க்கறதுக்கு. நிறுத்து, பாத்ரூம் போறேன்னா. கூடவேதான் போனேன். வாசல்ல, கையை விடுடி, பழகணும்னா. விட்டுட்டேன்."

வெற்றி வயர்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

"இருபதோட மீதியைப் பார்க்கலியா தம்பி?" என்றார் வீரையா.

"சிந்துவுக்கு நாற்பத்தெட்டு நிமிஷம்தான் தெரியும்."

"மாமா, இருக்கீங்களா?" என்றது போன். அவன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்த பிறகும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா?"