கோபமா... பயமா?

"தலைய ஆட்டாதடி... வேன் வந்துடும்!"

சின்னவள் மகளின் தலையில் சீப்பை வைத்ததும் அந்த ஐந்து வயது வாண்டு கத்தினாள். "நீ வேணாம்... பெரியம்மாதான் பின்னணும்!"

வாண்டின் கை பட்டுப் பால் டம்ளர் உருண்டது. பளாரென்று கன்னத்தில் ஓர் அறை!

சமையலறையிலிருந்து ஓடிவந்த பெரியவள் குழந்தையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கக்கா! பெத்தவ நான்... எம் புள்ள என்னைக் கண்டா ஒதுங்குது! என்ன சொல்லிச் சொல்லி வளத்தீங்க?"

பெரியவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கணவனை இழந்து கொழுந்தன் வீட்டோடு இருப்பவள் அவள். பிரசவத்துக்குப் பின் ஓரகத்தி மனம் கலங்கி, குழந்தை அழுதாலே காதைப் பொத்திக்கொண்டு கிடந்த நாட்களில், தையல் கடை வேலையை விட்டுவிட்டுப் பச்சைக் குழந்தையை ஏந்திக்கொண்டவள். அதையெல்லாம் இப்போது சொல்லிக் காட்டவா முடியும்?

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேம்மா. நீங்க நல்லா இருங்க."

உள்ளே போய் நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு திரும்பினாள். சின்னவள் தரையில் சரிந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

வாண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியம்மாவிடம் ஓடவில்லை. அம்மா எதிரே போய்க் குந்தினாள்.

"அம்மா... கோவமா? பயமா?"

சின்னவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பயம்தான். மெதுவா மூச்சு விடு... நான் எங்கயும் போகமாட்டேன். அழுது முடி."

சின்னவள் திகைத்து நிமிர்ந்தாள். "யாருடி சொல்லிக் குடுத்தா?"

"நான் அழுதா பெரியம்மா இப்படித்தான் சொல்வாங்க. அப்பறம்... நீ ரூம்ல கதவச் சாத்திக்கிட்டா, அம்மாவுக்கு உம்மேல கோவமில்ல, மனசுக்குள்ள வலிக்குதுன்னும் சொல்வாங்க. அடிச்சப்பவும் வலிச்சுதா?"

சின்னவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தன்னிடமிருந்து பிரித்துவிட்டாள் என்று யாரைப் பழித்தாளோ, அவளல்லவா இத்தனை நாளும் தன்னை இந்தக் குழந்தையின் மனதில் காப்பாற்றி வைத்திருக்கிறாள்!

வாசற்படி தாண்டப்போனவளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"அக்கா... போகாதீங்க! அவ மனசு எனக்குப் புரியல... எம் மனசு அவளுக்குப் புரியுதே! பாவி நான்..."

"அப்படிச் சொல்லாத கண்ணு... அவ ஒன் பொண்ணுதான்."

பெரியவளும் உடைந்து அழுதாள். வாண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரெண்டு பேரும் அழுதா எப்படி? நான் யாரை முதல்ல சமாதானப்படுத்த?"

அழுகையோடு அழுகையாய்ச் சிரித்தபடி, சின்னவள் மகளுக்கு ஒரு கையை நீட்டினாள். இந்த முறை வாண்டு ஒதுங்கவில்லை.