வடக்கு வாசலில் அழைத்த பெயர்

கோயிலிலிருந்து திரும்பிய பிள்ளை, போனபோது இருந்ததைவிடக் கனத்திருந்தது.

மருத்துவச்சி சிபில் அதைக் கைகளில் கிடத்தியபோது உர்சுலாவின் முழங்கைகள் ஒரு கணம் தாழ்ந்தன. பதினோரு நாளாக அந்தக் கைகள் அறிந்திருந்த பாரம் அன்று அது. உச்சி முதல் கால்வரை வெண்துகில் போர்த்தியிருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்குக் கோயிலில் போர்த்துகிற துகில். மாதம் முடிந்ததும் தாயே கொண்டுபோய்த் திருப்பித் தரவேண்டிய துகில். மூடுபனியில் நனைந்து கனத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொட்டுப் பார்த்த விரலுக்கு அது உலர்ந்திருந்தது.

பிற்பகல் ஆராதனைக்கு அடித்த மணி ஓய்ந்து நெடுநேரம் ஆகவில்லை. ஆயினும் பேறுகால அறைக்குப் பகலும் இல்லை, பொழுதும் இல்லை. பெற்றவளைக் காற்றுத் தீண்டலாகாது என்று சன்னலில் கனத்த கம்பளித் திரை தொங்கியது; சாவித்துளையிலும் கந்தல் திணித்திருந்தார்கள். கொழுப்பு மெழுகுவத்தியின் புகையும், முட்டையடித்து ஜாதிக்காய் தூவிக் காய்ச்சிய மதுவின் இனிப்பும், கசிந்து காய்ந்த பாலின் புளிப்பும் நாள்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அந்த அறையின் காற்றே தோய்த்த துணிபோலத் தடித்திருந்தது. மாதம் நிறைந்து கோயிலில் நன்றிச் சடங்கு ஆகும்வரை அவள் வாசற்படி தாண்டக்கூடாது. அவள் இல்லாமல்தான் அவள் பிள்ளை ஞானஸ்நானத்துக்குப் போகவேண்டும். அதுவே முறை.

"என்ன சிபிலக்கா, சத்தத்தையே காணோம்? போறப்ப வீட்டையே ரெண்டாக்கிட்டுப் போனானே."

"அழுது ஓஞ்சுட்டான். தூங்கட்டும், எழுப்பாத தாயி." சிபில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கணப்பைக் கிளறினாள்.

ஞானத்தாயாக நின்ற பக்கத்து வீட்டுப் பெட்ரனெல், மதுக் கிண்ணத்தோடு கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உன் வீட்டுக்காரன் கில்பர்ட் இருக்கானே, கீழ ஊருக்கெல்லாம் கேக்கை அள்ளிக் குடுக்கறான். எனக்கு மட்டும் கருகின ஓரம்! ஞானத்தாய்க்குக் கருகலா? நாளைக்கு இந்தப் பய வளந்து வந்து என்னை மதிப்பானா?"

"பேரு வச்சாங்களா?"

"வைக்காம? போதகர் கேட்டாரு, நான் கணீர்னு சொன்னேன், கிறிஸ்பின்னு."

"அவர் சொன்னாரா? தன் வாயால, எல்லாரும் கேக்க?"

"சொன்னாருடி. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா."

உர்சுலா கண்களை மூடிக்கொண்டாள். ஈராண்டாக நெஞ்சில் கிடந்த கசப்பு, ஒரு மிடறு இறங்கியதுபோல் இருந்தது.

அந்தப் பெயர் இப்பிள்ளைக்கென்று எடுத்த பெயர் அன்று. ஈராண்டுக்கு முன், புனித கிறிஸ்பின் திருநாளன்று, இதே கட்டிலில் அவள் முதல் மகன் நீலம் பாரித்துப் பிறந்தான். கில்பர்ட் போதகரைத் தேடிக் குதிரையில் போனான். முழுதாய் வராத மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்குமாக அலைந்த அந்த ஒரு நாழிகையில், தண்ணீர்க் கிண்ணம் சிபிலின் கையிலேயே இருந்தது. பெண்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று பேராயரின் மன்றத்தில் அவள் பிரமாணம் செய்திருந்தாள். ஒரு கை நீர். ஒரு வாக்கு. உர்சுலா கெஞ்சினாள். சிபிலும் அழுதாள்; ஆனால் கிண்ணத்தைச் சாய்க்கவில்லை. மூச்சு அடங்கிய பின் வந்து சேர்ந்த போதகர், ஞானஸ்நானம் பெறாததற்குப் பெயரும் இல்லை, செபமும் இல்லை என்றார். கோயிலின் வடக்குப் புறத்தில், கூரை இறவாரத்து நீர் சொட்டுகிற இடத்தில், மணி அடிக்காமல் புதைத்தார்கள். புதைகுழி இந்தச் சன்னலுக்கு நேரே, சந்துக்கு அப்பால். அன்றும் இதே திரை தொங்கியது. அவள் பார்க்கவில்லை, மண்வெட்டியின் சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

கொண்டுபோகுமுன் தன் பச்சைப் பாவாடையின் ஓரத்தைக் கிழித்து அவனைச் சுற்றி, மார்பில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தாள். குளிர்ந்த செவியில் கிறிஸ்பின் என்று அழைத்திருந்தாள். ஒருவரும் அறியார். செத்த பிள்ளைக்கு மறுத்த அந்தப் பெயரை, மறுத்த அதே வாய் கோயில் நடுவே நின்று சொல்லவேண்டும் என்பதற்காகவே, இவனுக்கும் அதையே வைக்கச் சொன்னாள். வஞ்சம்தான். வேறென்ன மிஞ்சியிருந்தது அவளுக்கு?

"ரெண்டு தடவை ஏன்?" என்றாள், கண் திறந்து.

பெட்ரனெல் கணப்பின் பக்கம் பார்த்தாள். "சொல்லட்டா சிபில்?"

"எதுக்கு இப்ப?"

"அட, நல்லபடியா முடிஞ்சதுதானே! தண்ணி ஊத்தறப்ப உன் மகன் அழவே இல்லடி. அழுதாத்தானே பிசாசு விட்டுப் போச்சுன்னு அர்த்தம்? அழாத பிள்ளை தங்குமா? சிபில் தொடையில நறுக்குனு கிள்ளினா. ம்ஹூம். முழிச்சு முழிச்சுப் பாக்கறான். அப்புறம் சிபில்தான் மூளைக்காரி, 'ஐயா, தண்ணி குல்லாயில விழுந்துச்சு, தலையில படலை, மறுபடி ஊத்துங்க'ன்னுட்டா. அவரு முணுமுணுத்துக்கிட்டே புத்தகத்தைப் புரட்டினாரு. அந்த நேரம் பாத்து நான் நைசாப் போயி வடக்கு வாசலைத் தொறந்துட்டேன்."

பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த உர்சுலாவின் கை நின்றது.

"முன்னெல்லாம் தொறந்துதானே வைப்பாங்க, பிசாசு போறதுக்கு? இவருதான் குருட்டு வழக்கம்னு கட்டையைப் போட்டு அடைச்சுட்டாரு. நான் கட்டையைத் தூக்கினேன். பனி குபுகுபுன்னு உள்ள வந்துச்சு. அவரு கவனிக்கல. 'கிறிஸ்பின், நீ இதுவரை ஞானஸ்நானம் பெறாதவனானால்'னு ஆரம்பிச்சாரு. ரெண்டாந்தரம்னா அப்படித்தான் சொல்லணுமாம். சொல்லி வாய் மூடல, அழுகை! கோயிலே அதிர்ந்துச்சு. கதவுப் பக்கமிருந்து வந்த மாதிரிகூட இருந்துச்சு. எதிரொலி."

இதுவரை பெறாதவனானால். அப்பெயரில் பெறாதவன் ஒருவன்தான் இருந்தான், அந்த வாசலுக்கு வெளியே.

கீழே ஆண்கள் எதற்கோ சிரித்தார்கள். அப்போதுதான் அந்த வாசனை அவளுக்கு எட்டியது. பாலும் கவிச்சும் கலந்த சிசுவின் வாசனை இல்லை. இறவாரத்து நீர் சொட்டிச் சொட்டிக் குழிந்த நிலத்தின் வாசனை. இலை மக்கி, வேர் அழுகி, வெயில் காணாமல் கிடந்த மண்ணின் வாசனை. மடியிலிருந்து எழுந்தது.

துகிலை விலக்கினாள்.

"எழுப்பாதன்னேனே!" என்றாள் சிபில்.

உள்ளே கட்டுத்துணி; காலையில் அவளே சுற்றிக் கொடுத்த புதுத் துணி. ஒரு சுற்று அவிழ்த்தாள். இன்னொன்று. பிள்ளை அசையவில்லை, ஆனால் விழித்திருந்தது. இமைகள் மூடியிருந்தும், அது தன் விரல்களைக் கவனிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது சுற்று. விரல்நுனியில் ஈரம்.

பச்சை.

நைந்து, கறுத்து, நூல் நூலாய்ப் பிரிந்த பச்சை. மார்பில் மூன்று முடிச்சு.

அவள் போட்ட முடிச்சு.

அந்நேரம் திரைக்கு அப்பாலிருந்து, சந்துக்கு அப்பாலிருந்து, அழுகை கேட்டது. மெல்லியது. தலையணையை வாயில் வைத்து அமுக்கினாற்போன்றது. ஒவ்வொரு அழுகையின் முடிவிலும் ஒரு விக்கல்; பதினோரு நாளாக அவள் உறக்கத்திலும் அறிந்த விக்கல். மனம் அறியுமுன் மார்பு அறிந்தது. இரு புறமும் பால் சுரந்து சட்டை நனைந்து வயிற்றில் வழிந்தது. மடியில் கிடந்ததற்காக அன்று. வெளியே அழுததற்காக.

மடியில் இருந்ததைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். பெட்ரனெல் கதவில் முதுகு கொடுத்து நின்றாள்.

"எங்கடி போற? சடங்கு ஆகலை, நீ மிதிச்ச எடத்துல புல்லு முளைக்காது!"

"என் பிள்ளை வெளிய கிடக்கான். வடக்குப் புறத்துல. அழறான், கேக்கல? மண்ணுக்குள்ள அழறான். தோண்டச் சொல்லு! கில்பர்ட்! கில்பர்ட்!"

"ஐயோ, ஜன்னி கண்டிருச்சு சிபில்!"

"மேல என்ன சத்தம்?" என்று கேட்டது கில்பர்ட்டின் குரல், கேக் நிறைந்த வாயோடு.

"ஒண்ணுமில்லப்பா, பால் கட்டிக்கிச்சு! நீ விருந்தைப் பாரு!" என்றாள் சிபில். கீழே மறுபடியும் சிரிப்பு.

"கதவை விடாத பெட்ரனெல்," என்று சொல்லிவிட்டு, சிபில் கட்டிலருகே குனிந்தாள். பச்சைத் துணியைக் கண்டாள்.

அவளும் அதை அறிவாள். ஈராண்டுக்கு முன் அந்தப் பொதியைத் தூக்கிக்கொடுத்த கைகள் அவளுடையவை. முகத்தின் இரத்தம் முழுதும் வடிந்து, உதடு மெழுகாகியது. திரும்பி உர்சுலாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் இருவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"அக்கா. உங்க காலைப் பிடிக்கறேன். அவன் இன்னும் அழறான். இப்பத் தோண்டினா உசிரோட எடுத்துடலாம்."

சிபில் கட்டுத்துணியைப் பழையபடி சுற்றினாள். வெண்துகிலை இழுத்து மூடினாள். வந்து உர்சுலாவின் காதருகே, பெட்ரனெலுக்குக் கேளாமல் சொன்னாள்.

"கல்லறையைத் தோண்டினவளை என்னன்னு சொல்லுவாங்க? சூனியக்காரின்னு என்னைத் தூக்குல போடுவாங்க தாயி. இதோ இருக்கான் உன் மகன். போதகர் கையால ஞானஸ்நானம் ஆயிருச்சு, ஏட்டுல பேர் ஏறிருச்சு. இனி யாராலும் மாத்த முடியாது."

"அன்னைக்கும் நீங்க இப்படித்தான்..."

"ஆமா. அன்னைக்கும் நான்தான்."

இருவருமாகச் சேர்ந்து அவளைக் கிடத்தினார்கள். ஜன்னி கண்டவளைக் கட்டுகிற வழக்கப்படி, பிள்ளைக்கென்று தைத்து வைத்த துணிப்பட்டைகளாலேயே மணிக்கட்டுகளைக் கட்டில் சட்டத்தோடு பிணைத்தார்கள். சட்டையை விலக்கி, கனத்த அந்தப் பொதியை மார்பில் சாய்த்து வைத்தார்கள். "குடிக்கட்டும், எல்லாம் தணிஞ்சுரும்," என்றாள் பெட்ரனெல், அழுதுகொண்டே. நல்லவள். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியிலிருந்து சிபிலின் விரல், சாவித்துளையின் கந்தலை இன்னும் உள்ளே அழுத்துவது தெரிந்தது.

மெழுகுவத்தி.

திரைக்கு அப்பால் அழுகை. விக்கல். அழுகை. விக்கல்.

இடைவெளி நீண்டது.

விக்கல்.

அவள் எண்ணிக்கொண்டு கிடந்தாள், அன்று மண்வெட்டியை எண்ணியது போல.

மார்பில் ஏதோ அசைந்தது. குளிர்ந்த ஒரு வாய் தேடியது, தடவியது, கண்டுகொண்டது. பிறந்து பதினொன்றாம் நாள் பிள்ளைக்கு ஈறு மட்டுமே உண்டு. இது ஈறு அன்று. சிறிய, வரிசையான, இரண்டு வயதுப் பிள்ளைக்கு முளைத்திருக்கவேண்டிய அத்தனையும். கூரியவை. இடையிடையே மண் நறநறத்தது.

வெண்துகிலில் ஒரு சொட்டுச் சிவப்பு ஊறி அகன்றது.

வெளியே ஒருவன் அடங்கினான். மற்றவன் கண்ணைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்தபடி, குடித்துக்கொண்டிருந்தான்.