நாற்பது கிலோமீட்டர்

"என் புள்ளைய யாரும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகத் தேவையில்ல. அதச் சொல்லிருங்க!"

விடிகாலை நாலரை மணிக்கு நான்சி இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஆவூர் வீட்டின் அடுப்படியில் அந்த நேரத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி நான்சி, இன்னொருத்தி அவளுடைய ஓரகத்தி அமலோற்பவம். பிறகு யாரிடம் சொல்லிவிடச் சொல்கிறாள்? சுவரிடம்தான். ஆறு வருடமாக அந்த வீட்டின் இளைய மருமகள் மூத்த மருமகளிடம் பேசுவதெல்லாம் சுவர் வழியாகத்தான்.

அமலோற்பவம் பதினாறு பேருக்கான புளிசாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்துக்கொண்டிருந்தாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்த நாளிலிருந்து அவள் கணவர் ஆரோக்கியதாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி ஆண்ட்ரூஸ் குடும்பம், இரண்டு தங்கைகளின் குடும்பங்கள் என்று எல்லோரையும் சேர்த்து ஒரு வேன் பிடித்துவிட்டார். முதல் நாள் அருவி. மறுநாள் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மிருகப் பூங்கா, அப்படியே ஊர் திரும்புவது. திட்டம் போட்டவர் அவர். சமைப்பது யார் என்று திட்டத்தில் எழுதவேண்டிய அவசியமே இல்லை.

சுவருக்கு இன்னும் ஒரு செய்தி பாக்கி இருந்தது.

"அடுத்த மாசம் ஆயர் வாராரு. பிரின்சிக்கு உறுதிபூசுதல். ஞானத்தாயா எங்க அக்காதான் நிக்கப் போறா. கந்தர்வக்கோட்டையில இருந்து வரச் சொல்லியாச்சு. அதையும் சொல்லிருங்க."

கரண்டி அமலோற்பவத்தின் கையிலேயே நின்றது. ஞானஸ்நானத்தன்று நான்சியின் மகள் பிரின்சியைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள்தான். அடுத்த சடங்கான உறுதிபூசுதலிலும் பிள்ளையின் பக்கத்தில் நிற்கவேண்டியவள் அவள்தான். தனக்கென்று ஒன்று பிறக்காத குறையை அந்தப் பிள்ளைதான் தீர்த்து வைத்திருந்தது.

"நான்சி… அத மட்டும் பண்ணாத. வேற என்ன வேணாலும் பண்ணு. அந்தப் புள்ள பக்கத்துல நிக்கிறது மட்டும்…"

"ஒரு புள்ளைய ஒழுங்காப் பாத்துக்கத் தெரியாதவங்க சாமி முன்னாடி எப்படிப் பொறுப்பேத்துக்குவாங்க?" என்று சுவரிடமே கேட்டுவிட்டு நான்சி வெளியே போனாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். பொங்கல் விடுமுறையில் எல்லோரும் சித்தன்னவாசல் போயிருந்தார்கள். ஐந்து வயதுப் பிரின்சி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "குடுங்க மதினி, ஐஸ் வாங்கித் தாரேன்" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு போனவன் ஆண்ட்ரூஸ். அவன் ஐஸ் கடைக்குப் போகவில்லை. மரத்தடியில் கூட்டாளி ஒருவன் வைத்திருந்த பாட்டிலுக்குப் போனான். பிள்ளை தன்பாட்டுக்கு ரோட்டுக்குப் போனது. அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தபோது, பைக் மோதிக் கை முறிந்து, புருவத்துக்கு மேலே கிழிந்து கிடந்தது. ஏழு தையல்.

அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஆண்ட்ரூஸ் அண்ணன் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"போன மாசந்தான் மதினி, மாதா மேல சத்தியம் பண்ணேன் குடிக்க மாட்டேன்னு… தெரிஞ்சா நான்சி புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவா… என் குடும்பமே போச்சு மதினி!"

அந்த அழுகையை நம்பி அமலோற்பவம் ஒரே ஒரு பொய் சொன்னாள். என் கையில்தான் இருந்தது, நான்தான் அசந்துவிட்டேன் என்றாள். அதற்குத்தான் இந்த ஆறு வருடத் தண்டனை. ஆண்ட்ரூஸ் அன்றோடு குடியை விட்டான், அது உண்மை. உண்மை பேசுவதையும் அன்றோடு விட்டுவிட்டான், அதுவும் உண்மை.

வேனில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தவனிடம் அவள் போய் நின்றாள்.

"ஞானத்தாய் எடத்தையும் புடுங்கிட்டா தம்பி. இன்னமும் நான் வாய மூடிக்கிட்டே இருக்கணுமா?"

"இந்த டூர் முடியட்டும் மதினி… சத்தியமா நானே சொல்லிர்றேன்."

அவனுடைய சத்தியங்கள் அவளுக்குப் புதிதல்ல. இருந்தாலும் தலையாட்டினாள்.

சித்தன்னவாசலுக்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் வண்டி கிளம்புமுன் விரலை நீட்டித் தலைகளை எண்ணிவிடுவாள். "அக்கவுண்டன்ட் வந்தாச்சு" என்று நாத்தனார்கள் கேலி செய்வார்கள். கேலி செய்த யாரும் தாங்களாக ஒரு தடவை எண்ணிப் பார்த்ததில்லை. அன்றும் எண்ணினாள். தன்னோடு சேர்த்துப் பதினாறு. பிறகு கடைசி இருக்கையில், பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

அருவி யாரையும் ஏமாற்றவில்லை. ஐந்து கிளையாகக் கொட்டிய தண்ணீரில் நான்சியும் நாத்தனார்களும் கூச்சல் போட்டு நனைந்தார்கள். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார்கள். அமலோற்பவம் தங்கியிருந்த வீட்டின் பின்கட்டில் அத்தனை பேருக்கும் மீன் குழம்பு வைத்தாள். சாரல் மட்டும் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் வந்து விழுந்தது. அந்த அளவுக்காவது அதற்கு மரியாதை தெரிந்திருந்தது.

மறுநாள் பூங்கா. மான்கள், முதலைகள், ஒரு முள்ளம்பன்றி, ஒரு கூண்டு மயில். சொந்த ஊரில், விராலிமலைப் பக்கம் வயற்காட்டில் மயிலை விரட்டியே கை ஓய்ந்த கூட்டம், இங்கே டிக்கெட் எடுத்து மயிலைப் போட்டோ பிடித்தது. அமலோற்பவம் உள்ளே போகவில்லை. மரநிழலில் பாய் விரித்து எல்லோருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களைக் கேன்டீன் பின்னால் இருந்த குழாய்க்கு எடுத்துக்கொண்டு போனாள்.

தேய்த்த தூக்குவாளியும் தாம்பாளமுமாகத் திரும்பி வந்தபோது வேன் இல்லை.

நிழலுக்காகத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தாள். கேட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தாள். வேன் நின்ற இடத்தில் அவர்கள் போட்ட வாழையிலைகள்தான் கிடந்தன. கைப்பையும் போனும் வேனோடு போய்விட்டன. ரவிக்கைக்குள் இருந்த பர்ஸ் மட்டும் மிச்சம்.

"என்னக்கா, விட்டுட்டுப் போயிட்டாங்களா?" டிக்கெட் கொடுக்கும் பெண் பதறிப்போய் எழுந்து வந்தாள். "இந்தாங்க, போன் பண்ணுங்க. நம்பர் தெரியும்ல?"

"தெரியும்மா." அமலோற்பவம் போனைப் பார்த்தாள், வாங்கவில்லை. "கூப்புட மாட்டேன்."

"ஏங்க்கா?"

"எம்புட்டுத் தூரம் போயி என் நெனப்பு வருதுன்னு பாக்கணும்."

பாத்திரங்களை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒவ்வொரு கூண்டாக நின்று பார்த்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை, தண்ணீர் கேட்க யாரும் இல்லை. மான் வேலியோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறு வருடமாக எங்கே ஒளிந்திருந்ததோ, நல்ல சுத்தமான கோபம்! அது உடம்பெல்லாம் பரவியபோது அவளுக்கு ஆச்சரியமாக, ஏன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து அவள் கேட்டுக்கு வெளியே வந்தபோது வேன் வந்து கிறீச்சிட்டு நின்றது. முதலில் குதித்து இறங்கியவள் பிரின்சி. "பெரியம்மா!" என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அடுத்து இறங்கியவர் ஆரோக்கியதாஸ். இறங்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"அறிவிருக்கா ஒனக்கு? வண்டி கெளம்புறது தெரியாம அங்கிட்டு என்ன பண்ணிக்கிட்டு இருந்த? நாப்பது கிலோமீட்டர் போயித் திரும்பி வாரோம்!"

"நாப்பதா…" அமலோற்பவம் டிரைவர் பக்கம் திரும்பினாள். "எங்க வச்சுப்பா தெரிஞ்சுச்சு?"

டிரைவர் திருப்பதி தலையைச் சொறிந்தார். "சிவகிரி தாண்டி டீ குடிக்க நிப்பாட்டுனேங்க. ஐயா பிரஷர் மாத்திரை கேட்டாரு. யாரும் எடுத்துக் குடுக்கல. அப்பத்தான்… கெளம்பும்போது எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்டேங்க. ஏறியாச்சுன்னு சொன்னாங்க."

"அப்ப ஆளத் தேடல. மாத்திரையத் தேடிருக்கீங்க."

ஆரோக்கியதாஸ் திரும்பி டிரைவரை முறைத்தார். அந்த இடைவெளியில் நான்சி புகுந்தாள். இங்கே சுவர் இல்லை, வேன் கதவுதான் கிடைத்தது.

"எல்லாருக்கும் வீண் அலைச்சல். இந்தப் பொறுப்பில்லாத்தனம் நமக்குப் புதுசா என்ன!"

"நான்சி, இங்க பாரு!" அந்தக் குரலை அவர்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. "வேன் கதவோட பேசாத. என் மூஞ்சியப் பாத்துப் பேசு. அரை மணி நேரம் ஒரு புள்ள தொலஞ்சுபோச்சுன்னு ஆறு வருசம் என்கூடப் பேசல நீ. இருக்கட்டும். இன்னைக்குப் பதினஞ்சு பேரு சேந்து என்னைய ரெண்டு மணி நேரம் தொலச்சீங்களே… நான் ஒங்ககூட எத்தன வருசம் பேசாம இருக்கணும்? சொல்லு!"

நான்சி வேன் கதவிலிருந்து திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். வேனுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்த நாத்தனார்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி ஆண்ட்ரூஸ், கீழ எறங்கு. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"மதினி… வீட்டுக்குப் போயி…"

"வீட்டுக்குப் போற வண்டியிலதான் என்னைய ஏத்தலையேப்பா! இங்கனேயே சொல்லு."

ஆண்ட்ரூஸ் இறங்கினான். நாற்பது வயது ஆண்பிள்ளை, மகள் முன்னால் நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான். "அன்னைக்கு… புள்ள மதினி கையில இல்ல நான்சி. நான்தான் ஐஸ் வாங்கித் தாரேன்னு வாங்கிட்டுப் போனேன். குடிச்சுக்கிட்டு இருந்தேன்… புள்ள போனதக் கவனிக்கல. நீ போயிருவன்னு பயந்து, நான்தான் மதினி கால்ல விழுந்தேன்… எனக்காகப் பொய் சொன்னாங்க…"

நான்சி கணவனை அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு வருசம்… ஒரே அடுப்புல நின்னு… எத்தன பேச்சுப் பேசிருக்கேன்! ஏன்க்கா வாயத் தொறக்கல? என்னைய ஓங்கி ஒரு அறையாவது அறஞ்சிருக்கலாம்ல…"

"ஒன் குடும்பம் ரெண்டாகக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்டேன். ஒங்களக் காப்பாத்துறேன்னு நெனச்சேன். ஒங்களுக்கு அது பழக்கமாத்தான் போச்சு. அமலுவத் திட்டலாம், அமலு பொறுத்துக்குவா. அமலுவ விட்டுட்டுப் போகலாம், அமலு வந்துருவா. அந்தப் பழக்கம் இன்னையோட சரி!"

ஆரோக்கியதாஸ் மெல்லப் பக்கத்தில் வந்தார். கத்தின குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல அமலு…"

"நீங்க கேக்கவே இல்லையேங்க." இப்போதுதான் அவள் கண் கலங்கியது. "நீ அப்பிடிச் செய்யிறவ இல்லையே, என்ன நடந்துச்சுன்னு… இருவத்திரெண்டு வருசம் கூட வாழ்ந்தவரு ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா, அன்னைக்கு ராத்திரியே சொல்லி அழுதிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்சி மண்ணிலிருந்து எழுந்து வந்து அவள் தோளில் விழுந்தாள். "அக்கா… நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும். என்னைய மன்னிச்சிருங்கக்கா…"

"நிக்கிறேன். நீ கூப்புடுறதுக்காக இல்ல. அவ என் புள்ள, அதுக்காக. மன்னிப்பு அது பாட்டுக்கு மெதுவா வரட்டும். வரும்." வாய் இப்படிச் சொன்னாலும் கை நான்சியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. இருவரும் நடுரோட்டில் நின்று வெட்கமில்லாமல் அழுதார்கள்.

"சரி சரி… ஏறுங்க, நேரமாகுது" என்று ஆரோக்கியதாஸ் மூக்கை உறிஞ்சினார்.

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போங்க. நான் குற்றாலம் போறேன். அருவியில குளிக்கணும்."

"தனியாவா?"

"தனியா எதுக்கு மாமா?" நான்சி வேனுக்குள் கைவிட்டுத் தன் பையையும் அமலோற்பவத்தின் பையையும் இழுத்தெடுத்தாள். "நானும் பிரின்சியும் அக்காகூடப் போறோம்."

ஆண்ட்ரூஸ் ஏதோ சொல்ல வந்து, மனைவியின் பார்வையைக் கண்டு விழுங்கிக்கொண்டான். டிக்கெட் பெண் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அமலோற்பவம் அவற்றை வாங்கி அப்படியே கணவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப… வீட்டுல சோறு?" பழக்க தோஷம், கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தென்காசி போகும் பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பிரின்சி கையை நீட்டி நிறுத்தினாள். அமலோற்பவம் படியில் ஏறி நின்று, தூக்குவாளியோடு நிற்கும் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வாரோங்க. பசியோட வருவோம், பாத்துக்கங்க!"