தொடக் கூடாத கல்

அன்று காலை கொக்கிக்கு இடுப்பு நிமிரவில்லை. முப்பது வருடம் மூட்டை தூக்கிய இடுப்பு. குளிர் அடித்தால் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக்கொள்ளும். சுவரைப் பிடித்தபடி, பாதி வளைந்தவாக்கிலேயே போய்க் கதவைத் திறந்தான். வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் ஓர் ஆண் சட்டை. அதன் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

"விபத்தம்மா வீடு இதுதானே அண்ணே?"

தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் விபத்தம்மா. சுமைக்காரர்கள் வைத்த பெயர் அது. அரசாங்கம் வைத்த பதவிப் பெயரை ஊரே மறந்துவிட்டது. கொக்கி இப்போது அவருக்கு வண்டியோட்டி. அவர் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் சட்டையை மேசைமேல் வைத்தாள்.

"இது என் வீட்டுக்காரரோடதும்மா. கோட்டைத் தெருவுல படம் சிலையெல்லாம் வச்சிருக்கிற மாளிகையில சுமை தூக்குறார். நேத்து காலையில, கயித்துல தொங்கவிட்டிருந்த சிலைக் கல்லு தலையில விழுந்து அந்த முதலாளி செத்துட்டார். இவர்தான் கயித்தை அறுத்தார்னு சொல்லி, பதினொரு பேர் சேர்ந்து அடிச்சுத் தாடையை உடைச்சுட்டாங்க. ஆறு பல்லு போச்சு. பேச முடியல."

"ஏன் இவர்மேல சந்தேகம்?"

"போன வாரம், சுவத்துல கீறல் விழுந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் முதலாளி இவரை அறைஞ்சார். இவரும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, உன் கல்லே ஒருநாள் உன் தலையில விழும்னு சொல்லிட்டார்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து நாளைக்கு ஜெயிலுக்கு மாத்தப் போறாங்களாம். இந்த வாயோட அங்க போனா பட்டினியிலேயே செத்துடுவார்."

அவள் போனதும் கொக்கி உதட்டைப் பிதுக்கினான். "அறை வாங்கினவன், வார்த்தை விட்டவன். எனக்கென்னவோ இவன்தான்னு தோணுதும்மா."

"உனக்குத் தோணுறது இருக்கட்டும். வண்டியை எடு."

ஆஸ்பத்திரியில் சுமைக்காரன் ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டுக் கிடந்தான். கண்கள் வீங்கி மூடியிருந்தன. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எழுதவும் தெரியாது. "அந்தக் கல்லைப் பத்திச் சொல்லுப்பா" என்று விபத்தம்மா குனிந்து கேட்டார். அவன் மற்றக் கையை மெல்லத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டினான்.

"வெறுங்கையா நிக்கிறேங்கிறான், பாவம்" என்றான் கொக்கி.

விபத்தம்மா தன் உள்ளங்கையை விரித்து அதேபோல ஆட்டிப் பார்த்தார்.

கோட்டைச் சுவரை ஒட்டிய அந்தத் தெருவில் பழைய மாளிகைகளில் பாதி இப்போது கலைக்கூடங்கள். சீட்டு வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கொலை நடந்த மாளிகையில் கீழ்க்கூடம் மட்டும் திறந்திருந்தது. எரிந்த நாற்காலிகளை வரிசையாக நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு திரையில் ஓர் ஆள் ஓயாமல் மண் தின்றுகொண்டிருந்தான்.

"எங்க வீட்டுலயும் உடைஞ்ச நாற்காலி மூணு இருக்கு. சீட்டு போட்டுடலாமா?" என்றான் கொக்கி.

மாடிப்படி அடியில் காவலாளி கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான். "முதலாளி எட்டரை மணிக்கு மாடிக்குப் போனார் மேடம். அவரோட மச்சினரும் போய்ட்டு ஒன்பதுக்குள்ள இறங்கிட்டார். ஒன்பதரைக்குத்தான் சுமைக்காரன் வந்தான். போன வேகத்துல, முதலாளி செத்துக் கிடக்கார்னு கத்திக்கிட்டே ஓடி வந்தான்."

"கல்லு விழுந்த சத்தம் எப்போ கேட்டுச்சு?"

"கேக்கவே இல்ல மேடம். தூங்கிட்டேன்னு சொல்லி போலீஸ் அதிகாரி ரெண்டு அறை விட்டார். நேரா இந்தக் கூரைக்குக் கீழதான் நின்னேன். சத்தியமா தூங்கல."

"சுமைக்காரனை நீயும் அடிச்சியா?"

காவலாளி தரையைப் பார்த்தான். "எல்லாரும் அடிச்சாங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"வாயில அடிச்சது யாரு?"

"மச்சினர். எல்லாரும் முதுகுலதான் போட்டாங்க. சுமைக்காரன் என்னமோ சொல்ல வாயைத் திறந்தான், அவர் வாசல் இரும்புப் பூட்டைத் துண்டுல சுத்தி ஒரே வீசு. பல்லு என் சட்டையில வந்து விழுந்துச்சு."

மாடிப்படி வளைந்து வளைந்து ஏறியது. ஓர் ஆள் அகலம். கொக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் ஏறினான். மேல்கூடத்துக்கு வேறு வழி கிடையாது. ஜன்னல்களில் கனத்த கம்பிகள்.

நடுவில் கல் கிடந்தது. பெரிய அண்டா அளவு கரும்பாறை. ஒரு பக்கம் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. பக்கத்திலேயே சுண்ணாம்புக் கட்டியால் ஓர் ஆள் வடிவம். உத்திரத்திலிருந்து அறுந்த கயிறு தொங்கியது. சுவரில் பலகை: 'மலையின் எடை. கருங்கல், ஐந்நூறு கிலோ. தொடாதீர்கள்.'

கொக்கியின் கண் ரத்தத்தைவிட்டு நகரவில்லை. விபத்தம்மா குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். நூறு வருடத்துப் பழைய, பூப்போட்ட தரை ஓடுகள். இடுக்குகளில் ரத்தம் உறைந்திருந்தது. ஓர் ஓடுகூட விரியவில்லை.

போலீஸ் அதிகாரி வந்தார். பின்னாலேயே அந்த மச்சினர், முதலாளியின் மனைவிக்குத் தம்பி, வெள்ளைச் சட்டைக்காரர். அவருக்குப் பின்னால் கல்லைச் செய்த சிற்பி, முகம் வெளுத்த ஒரு பெண். கடைசியில் காவலாளி.

"மண்டை மூணு இடத்துல பிளந்திருக்கு மேடம்" என்றார் அதிகாரி. "கல்லை நாங்க தொடல. கோடி ரூபா பொருளாம். போட்டோ எடுத்துக்கிட்டோம்."

"தொட்டா இன்சூரன்ஸ் போயிடும்" என்றார் மச்சினர்.

"பரவாயில்ல. அடியில ஒரு தடயம் இருக்கு, எடுக்கணும். நாலு பேர் பிடிங்க, அரை அடி நகர்ந்தாப் போதும். கொக்கி, அதிகாரி, காவலாளி, அப்புறம் நீங்க" என்று விபத்தம்மா மச்சினரைக் காட்டினார்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று சிற்பி அலறினாள்.

"ஏம்மா, நீ சொன்னா கொலை நடக்காம போயிடுமா? பிடிங்க."

கொக்கி பழக்கப்படி முதலில் மற்றவர்களின் கால்களைப் பார்த்தான். பாரம் தூக்கும்போது கூட்டாளி சறுக்கினால் கட்டைவிரல் போய்விடும். பார்க்காமல் ஒருநாளும் குனிந்ததில்லை. அதிகாரி காலை அகட்டி, பெல்ட்டை இறுக்கி, மூச்சை அடக்கினார். காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டு முட்டியை மடக்கினான். மச்சினர் மட்டும் நின்ற நிலையிலேயே, கால் இரண்டையும் சேர்த்துவைத்துக்கொண்டு, ஒரு கையை நீட்டினார்.

கொக்கி அந்தக் கால்களை இன்னொரு முறை பார்த்தான்.

"ஏலே, தூக்கு!" என்று குரல் கொடுத்தான்.

கல் எகிறியது. மூன்று பேர் உயிரைக் கொடுத்து இழுத்த இழுப்பில் அது நெஞ்சுயரம் எழுந்து காவலாளியைத் தூக்கிப் பின்னால் எறிந்தது. விழுந்தபோது காலி டப்பா மாதிரி டொக்கென்று ஒரு சத்தம்.

சிற்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "உள்ள ஒண்ணுமில்ல, வெறும் ஃபைபர் கூடு" என்றாள். "நெசக் கல்லுன்னு சொல்லித்தான் ஊர் ஊரா காட்டினேன். சுமைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தார்."

"அவன் வாக்கைக் காப்பாத்தினான். நீ அவனைத் தூக்குல போடப் பார்த்த" என்றார் விபத்தம்மா. பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "ஓர் ஆள் மட்டும் ஏறுற படியில ஐந்நூறு கிலோ எப்படி வந்துச்சு? கீழே நின்னவனுக்கு ஏன் சத்தம் கேக்கல? ஓடு ஏன் விரியல? கல்லைப் பத்திக் கேட்டதுக்கு, இவ்வளவு லேசுன்னு சுமைக்காரன் கையில தூக்கிக் காட்டினான். யாருக்கும் புரியல."

"அப்போ முதலாளி?"

"ஒரு கல்லு ஒரு தடவை விழுந்தா மூணு இடத்துல பிளக்காது. சுமைக்காரன் வாயை உடைச்ச அதே பூட்டால மூணு அடி. அப்புறம் கல்லு விழுந்த மாதிரி ஜோடனை. இது கூடுன்னு தெரிஞ்சவ இந்த ஜோடனையைச் செய்ய மாட்டா, சிற்பி விலகிட்டா. ஒத்தை ஆளா தோள்ல சுமந்து ஏத்தினவனும் செய்ய மாட்டான். பலகையைப் படிச்சு நம்பினவன்தான் செய்வான். கயிறு அறுந்து இது டொக்குன்னு விழுந்தப்பதான் அவனுக்கு உண்மை தெரிஞ்சுது. அதனாலதான் யாரையும் தொட விடல. சுமைக்காரன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்ததும் அந்த வாயையே உடைச்சான்."

"உளறல்!" என்றார் மச்சினர். "எனக்கு எதுவும் தெரியாது. நானும் கல்லுன்னுதான்..."

"பொய்!" கொக்கி கத்தியே விட்டான். "அரைடன் தூக்கப் போறவன் காலைச் சேர்த்து வச்சுக்கிட்டு நிப்பானாய்யா? ஒத்தைக் கையை நீட்டுவானா? உன் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு!"

மச்சினர் படியை நோக்கிப் பாய்ந்தார். கொக்கி குறுக்கே விழுந்தான். விலாவில் இரண்டு உதை இறங்கியது, காதில் ஒரு கடி. கொக்கி கழுத்துப்பட்டியைப் பிடித்த பிடியை விடவில்லை. இருவரும் உருண்டு சுவரில் மோதினார்கள். அதிகாரி தடியால் முட்டியில் ஒன்று வைத்த பிறகுதான் அந்த உடம்பு அடங்கியது.

வாசலில் அந்தப் பூட்டு வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கழுவித் துடைத்திருந்தது. சாவித் துளைக்குள் ரத்தமும் நாலு நரைமுடியும் இருந்தன. முதலாளிக்குத்தான் நரை. மாளிகையை ஹோட்டலுக்கு விற்க அவர் சம்மதிக்காததால்தான் கொன்றேன் என்று மச்சினர் அன்று மாலையே ஒத்துக்கொண்டார்.

மறுநாள் விலங்கைக் கழற்றினார்கள். கொக்கி போனபோது மனைவி ஸ்பூனால் பாலைச் சொட்டுச் சொட்டாகக் கம்பி இடுக்கில் விட்டுக்கொண்டிருந்தாள். சுமைக்காரனின் முதுகு முழுக்கக் கட்டு. மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது.

கொக்கி கட்டிலருகே நின்றான். "தம்பி, நானும் நீதான்னு நினைச்சேன். தப்பு என்னோடது. மன்னிச்சுடு."

சுமைக்காரன் கண்ணை மூடித் திறந்தான்.

"நீங்க அடிக்கலியே அண்ணே" என்றாள் மனைவி. "தாடையை உடைச்சவன் உள்ள போய்ட்டான். முதுகை உடைச்சவங்க பத்துப் பேர். காவலாளியும் அதுல ஒருத்தன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனான், ஜன்னல்ல பார்த்தேன்."

"வழக்குக் கொடுக்கலாமே?"

"அது கிடக்கட்டும். இவர் கண்ணு தெரியிற தூரத்துல வந்து நின்னு, தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லணும். அந்தப் பத்துப் பேரும் இவருக்கு அதைப் பாக்கி வச்சிருக்காங்க. இன்னும் ஒருத்தனும் வரல."