முழங்கால் உயரத்துக்கு வெட்டிய செடி

“வெட்னது நீதான். உன்ன வுட்டா இங்க யாரு கீறாங்க? பொட்டியக் கட்டு” என்றாள் பாஞ்சாலி, தெருமுனை வரை கேட்கும்படி.

“அத்தே, நான் அதத் தொடக்கூட இல்ல.” நைட் ஷிப்ட் யூனிபாரம்கூட மாற்றாமல் நின்றான் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் மாரிராஜ்.

கம்பெனிகள் சூழ்ந்த பென்னலூரில் பாஞ்சாலி வீட்டுப் பட்டாம்பூச்சிச் செடியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் மகன் சுபாஷ் கம்பெனி டூரில் ஊட்டியிலிருந்து வாங்கிவந்தது. சுபாஷ் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகும் ஆளை மிஞ்சி வளர்ந்து, ஊதாக் கதிராகப் பூத்துத் தள்ளியது. அன்று காலை முழங்கால் உயரத்துக்குக் கட்டையாக நின்றது. ஜன்னல் வழியே கம்பளிப்பூச்சி வருகிறது என்று போன வாரம்தான் மாரிராஜ் குறைப்பட்டிருந்தான். தெருவுக்கு அது போதும். ரூம் போனால், விளாத்திகுளத்துப் பேச்சிலருக்கு இந்தப் பக்கம் வேறு கதவு திறக்காது என்பதும் தெருவுக்குத் தெரியும்.

எதிர்வீட்டுக் கிளியம்மாள் தன் புருஷன் வனமாமலையை டீ டம்ளரோடு இழுத்து வந்தாள். அவர் நாங்குநேரிக்காரர், கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவதில் பேர்போனவர். பேச்சு குறைவு. அதற்கும் சேர்த்துக் கிளியம்மாள் பேசிவிடுவாள்.

அவர் குனிந்து கட்டைகளைப் பார்த்தார். வெட்டெல்லாம் சாய்வாக, கணுவுக்குச் சற்று மேலே. வெட்டுவாயில் சாணி தடவியிருந்தது. பிறகு சுவரோரக் கிளைக் குவியலைக் கிளறினார்.

அதற்குள் கிளியம்மாள் மாரிராஜுக்குத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டு, பாஞ்சாலி வீட்டுக் கஞ்சத்தனத்துக்குத் தாவியிருந்தாள். இந்த மாதம் பழைய பேப்பர்காரனுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு பால் கவர்கூடப் போகவில்லையாம், எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறார்களாம்.

“அத இன்னொரு தடவ சொல்லு, கிளி” என்றார் வனமாமலை.

சொன்னாள். அவர் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். பாஞ்சாலியின் மருமகள், சுபாஷின் மனைவி சசிரேகா, சமையலறைக் கதவருகே வந்து நின்றாள்.

“கோவத்துல வெட்டுதவன் கண்ட எடத்துல வெட்டுவான். இது மழத்தண்ணி தங்காம வெட்டினது. காயாம இருக்கச் சாணியும் வச்சிருக்கு. இந்தச் செடி புதுக் கெளையிலதான் பூக்கும். வெயில் படணும், அடியில தண்ணி நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான், திரும்ப வந்துரும்” என்றார்.

“அப்ப யாரு?” என்றாள் பாஞ்சாலி.

“கேட்டுல நிக்கிறவன் உள்ள கெடக்கிறதப் பாக்க மாட்டான், வெளிய என்ன போச்சுன்னுதான் பாப்பான். குவியல்ல அடிக்கட்ட இருக்கு, பூக்கதிர் இருக்கு. நட்டு வைக்கத் தோதான சாண் நீளக் குச்சி ஒண்ணுகூட இல்ல. அது மண்ணு நெரப்பின பால் கவர்ல இருக்கும். மாரிராஜ் சாப்பாடு கேன்டீன்ல, அவனுக்கு ஏது பால் கவர்? செடி இங்கயும் வாழணும், கூடவும் வரணும்னா, அது இந்த வீட்ட விட்டுப் போற ஆளு.”

பேரை அவர் சொல்லவில்லை. எல்லோர் கண்ணும் சமையலறைப் பக்கம் போயிற்று.

“வாலாஜாபாத்துல மாப்ள பாத்துட்டாங்க, அத்த. எங்க வூட்ல முடிவு பண்ணிட்டாங்க. உங்ககிட்ட எப்டிச் சொல்றதுன்னு தெரில” என்றாள் சசிரேகா. “காஞ்ச கதிரக் கிள்ளுனாத்தான் அது பூத்துகினே இருக்கும். இத்தினி நாள் நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கிள்ளுனேன். நீங்க ஒண்டியா எப்டி ஏறுவீங்க? அதான் உங்க கைக்கு எட்ற மாரி வெட்னேன்.”

பாஞ்சாலி குனிந்து, ஒரு கட்டையில் சாணி தடவிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாரிராஜிடம், “போய்த் தூங்கு” என்றாள். கிளியம்மாள் புருஷன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இது நடந்தது 2013இல். தை பிறந்ததும் சசிரேகாவுக்கும் வாலாஜாபாத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் சக்திகுமாருக்கும் கல்யாணம். பாஞ்சாலி போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டு, தனியே பஸ் ஏறி வந்தாள். அடுத்த வருஷம் கம்பெனியில் உற்பத்தி லைனை நிறுத்தியதும் மாரிராஜ் ஓசூர் போய், கூட வேலை செய்த பாண்டிச்செல்வியைக் கட்டிக்கொண்டான். வனமாமலை ரிட்டயராகி, கிளியம்மாளோடு நாங்குநேரிக்கே போய்விட்டார். அங்கே தெரு நீளம் போதவில்லை என்று அவள் போனில் புலம்புகிறாள். பாஞ்சாலி மட்டும் எங்கும் போகவில்லை. சாயங்காலம் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் சுபாஷ் வந்திறங்கிய கம்பெனி பஸ்களில் போகும் முகங்களைப் பார்த்தபடி நிற்கிறாள். கேட்டால், காற்றுக்காக என்கிறாள்.